வெளியே போகும் கண், உள்ளே போகும் கண்

கண்டி
1975 பெப்ரவரி 9

அன்புள்ள எல்சி மச்சாளுக்கு,

இந்த உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே போட்டுவிட நினைத்திருப்பீர்கள். போட்டிருந்தாலும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மூன்று வருடத்துக்கு மேலாக மார்கழியில் ஒரு நத்தார் வாழ்த்துக்கூட அனுப்பாதவள் திடீரென்று நலம் விசாரித்தால் அது பொய்யாகத்தான் இருக்கும். ஆகவே, எழுதுவதற்கு மன்னிக்கச் சொல்லிவிட்டு எழுத வந்ததை எழுதுகிறேன்.

அம்மா தன் கடிதத்தோடு ஒரு படம் அனுப்பியிருந்தார். கோயில் திருநாளன்று எடுத்தது. நீங்களும் கிறிஸ்தோபர் அண்ணாவும், நடுவில் உங்கள் மகள் றீற்றாவும். பிள்ளைக்கு உங்கள் நெற்றி. சட்டைக் கழுத்தில் இருக்கிற பின்னலும் எனக்குத் தெரியும். உள்துறைமுக வீதியில் உங்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்த காலத்தில், ஒரே நூலுண்டையில் நாங்கள் இரண்டு பேரும் பழகிய பின்னல். அதையெல்லாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் பிள்ளையின் கண்ணைப் பார்த்தேன்.

நான் இங்கே டொக்டர் சோமசேகரத்தின் கண் கிளினிக்கில் வேலை செய்வதை அம்மா சொல்லியிருப்பார். ஆசிரியர் நியமனம் வரும்வரைக்கும் என்று சேர்ந்த வேலை. பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்கும் அறை என் பொறுப்பு. அதனால் யாருடைய படத்தைப் பார்த்தாலும் முதலில் கண்ணுக்குள் விழுந்திருக்கும் வெளிச்சப் புள்ளியைத் தேடுகிற பழக்கம் வந்துவிட்டது. உங்கள் கண்களில் புள்ளி கருமணியின் நடுவில் இருக்கிறது. அண்ணாவுக்கும் நடுவில். றீற்றாவின் வலது கண்ணிலும் நடுவில். இடது கண்ணில் மட்டும் அது காதுப் பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. உண்மையில் ஒதுங்கியது புள்ளி அல்ல மச்சாள். கண்தான் மூக்குப் பக்கம் போயிருக்கிறது.

றீற்றா கைக்குழந்தையாக இருந்தபோது கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், டொக்டர் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பியதும் எனக்குத் தெரியும். அவர் சொன்னது சரி. ஞானஸ்நானத்தன்று எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நான் அதில் இல்லை, ஆனாலும் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு புள்ளியும் நடுவில்தான். குழந்தைக்கு மூக்குத்தண்டு அகலமாகவும் தட்டையாகவும் இருந்தால் வெள்ளைவிழி உள்பக்கம் மறைந்து, கண் உள்ளே போவது போலத் தோன்றும். அது வெறும் தோற்றம். மூக்கு வளர மறைந்துவிடும். ஆனால் இந்தப் படத்தில் பிள்ளையின் மூக்கு உயர்ந்துவிட்டது. கண் உள்ளே போயிருக்கிறது. அன்று இருந்தது வேறு, இன்று இருப்பது வேறு.

ஒரு சிறிய ரோர்ச் வெளிச்சத்தை முகத்துக்கு நேரே பிடித்து, புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

இன்பமலர்

*

திருகோணமலை
1975 பெப்ரவரி 20

இன்பம்,

உன் கடிதத்தை அலுமாரிக்கு மேலே போடவில்லை. குசினியில் நின்றபடியே பிரித்தேன். கறி அடிப்பிடித்துப் போனது. அதற்கும் நீதான் பொறுப்பு.

டொக்டர் அம்மாவுக்குப் பெரிய நன்றி. பேணாட் மாமா நேவி யார்ட்டில் கப்பலுக்குப் பெயின்ற் அடித்து, கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைத்துச் சம்பளம் வாங்கினவர். அவருடைய மகள் ஒரு படத்தைப் பார்த்தே கண்டியிலிருந்து நோய் சொல்கிறாள் என்றால் எங்களுக்கும் பெருமைதானே. ஆனால் ஒன்று. ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சட்டை போட்ட டொக்டர் என் பிள்ளையைக் கையில் தூக்கிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொன்னவர். நீ பிள்ளையைக் கையில் தூக்கியது கிடையாது.

எழுதின பிறகு அந்த வரி எனக்கே சுடுகிறது. வெட்டினால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிடுகிறேன்.

இவரின் அம்மா, என் மாமியிடம் உன் கடிதத்தைக் காட்டவில்லை. கண்ணைப் பற்றி மட்டும் கேட்டேன். "வாக்குக்கண் பொம்பிளைப் பிள்ளைக்கு அதிர்ஷ்டம் பிள்ளை, கப்பல்காரன் மாப்பிளை வருவான்" என்கிறார். இதே வாய்தான் ஞானஸ்நானத்தன்று கோயில் வாசலில் உன்னைப் பார்த்து, "பிள்ளை அவளின்ரை முகத்தைப் பாத்தால் அந்தக் கண்ணைப் பழகிப்போடும்" என்று சொன்னது. அன்று பழி, இன்று அதிர்ஷ்டம். நான் இரண்டுக்கும் தலையாட்டுகிறேன்.

நீயும் இதே கண்ணோடுதான் பிறந்தாய். வெயிலில் ஒரு கண்ணை மூடினபடி நின்றதற்கு, வெள்ளைக்கார நேவிக்காரனைப் பார்த்துக் கண்ணடித்தாய் என்று பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் உன்னை முழங்காலில் விட்டாரே, நினைவிருக்கிறதா? ஏழு வயதுப் பிள்ளை கண்ணடித்ததாம்! அந்தக் கண்ணோடுதான் பேராதனைக்குப் போய்ப் பட்டம் எடுத்தாய். உனக்கு வராத குறை என் பிள்ளைக்கு மட்டும் எப்படி வரும்?

ரோர்ச்சுக்குப் பற்றரி இல்லை. கடையில் கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள். பாணுக்கே வரிசையில் நிற்கிற காலம்.

சோறு பிசைந்து வாயில் வைக்கிற நேரம் மட்டும் கண் கொஞ்சம் உள்ளே போகிறதுதான். தூரத்தில் என்னைப் பார்த்து ஓடி வரும்போது அப்படி இல்லை. ஆகவே அது பசியால் என்று நினைக்கிறேன்.

எல்சி

*

கண்டி
1975 மார்ச் 2

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் வெட்டாமல் விட்ட வரியைப் பலமுறை வாசித்தேன். உண்மைதான், நான் தூக்கியதில்லை.

முழங்காலில் நின்ற கதையை நீங்கள் மறக்கவில்லை என்பது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு டச்சுக்குடாவில் வெயில் வெள்ளையாகக் கொதித்தது. எனக்கு ஒரு கண்ணை மூடினால்தான் கடல் ஒரு கடலாகத் தெரியும். நீங்கள்தான் சிஸ்டரிடம் போய், "சிஸ்டர், அவள் என்னையும் பாத்துக் கண்ணடிக்கிறவள், மாட்டையும் பாத்துக் கண்ணடிக்கிறவள்" என்று சாட்சி சொல்லி, பக்கத்தில் முழங்காலில் இருந்தீர்கள்.

அதன் பிறகுதானே அந்த ஏற்பாட்டைச் செய்தோம். சபையில் என் கண் வெளியே ஒதுங்கத் தொடங்கினால் நீங்கள் மெல்ல, "கப்பல் வெளிக்கிடுது" என்பீர்கள். துறைமுகத்துப் பக்கம் குடியிருக்கிற பிள்ளைகள் கப்பலைப் பற்றிப் பேசினால் யாருக்குச் சந்தேகம் வரும்? நான் உடனே கண்ணை இழுத்து உள்ளே விடுவேன். என்னால் அப்படி இழுக்க முடிந்தது. வெள்ளைக்கார நேவிக்காரர் துறைமுகத்தை விட்டுப் போன அந்த வருடம், விளக்குப் போட்ட கப்பலைப் பார்த்து, "எத்தினை கப்பலடி?" என்று கேட்டீர்கள். நான் இரண்டு என்றேன். ஒன்றுதான் என்று நீங்கள் சண்டை பிடித்தீர்கள். களைத்த நேரத்தில் எனக்கு இரண்டாகத்தான் தெரிந்தது.

இதையெல்லாம் ஆசைக்காக மட்டும் எழுதவில்லை. என் கண்ணும் றீற்றாவின் கண்ணும் ஒன்றல்ல என்பதைச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

என்னுடையது வெளியே போகிற கண். எப்போதும் போவதில்லை. தூரத்தைப் பார்த்தால், களைத்தால், வெயில் பட்டால் போகும். சில நாள் வலது, சில நாள் இடது. மற்ற நேரங்களில் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். அதனால் இரண்டு கண்ணிலும் எனக்குப் பார்வை கெடவில்லை. ஊரார் பார்வைதான் என்னைக் கெடுத்தது.

றீற்றாவுடையது உள்ளே போகிற கண். சோற்றுக் கோப்பையைப் பார்க்கும்போது போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது பசியால் அல்ல. அவளுக்குக் கிட்டப் பார்ப்பதற்குக் கண் மிகவும் கஷ்டப்பட வேண்டியிருக்கிறது போல. அந்தக் கஷ்டத்தில் கண் உள்ளே இழுபடுகிறது. கண்ணாடி போட்டால் அந்தக் கஷ்டம் குறைந்து கண் நேரே வரக்கூடும். இந்த வகை பிறந்தவுடன் தெரியாது, இரண்டு மூன்று வயதுக்குப் பிறகுதான் தொடங்கும். அதனால்தான் அந்த டொக்டர் சொன்னதும் சரி, நான் சொல்வதும் சரி.

போன மாதம் மூதூரிலிருந்து ஸைனுலாப்தீன் நானா என்ற மரவியாபாரி வந்தார். சலரோகக்காரர், இரத்தத்தில் சீனி கூடியவர். ஒரு காலையில் எழும்பினால் ஒரு கண் உள்ளே போய்விட்டது. "தங்கச்சி, எனக்கு ரெண்டு பொண்டாட்டி தெரியுது, ஒண்டையே சமாளிக்க ஏலாம இருக்கன்" என்று அறை முழுவதையும் சிரிக்க வைத்தார். பெரியவர்களுக்குக் கண் திரும்பினால் உடனே இரண்டாகத் தெரியும், ஓடி வருவார்கள். பிள்ளைகள் வருவதில்லை. சின்னப் பிள்ளையின் மூளை இரண்டாவது படத்தைப் பேசாமல் எறிந்துவிடும். என்னைப் போல மாறி மாறிப் போனால் ஒரு கண்ணும் கெடாது. எப்போதும் ஒரே கண்தான் போகிறது என்றால் அந்தக் கண்ணிலிருந்து வருவதை மூளை எடுப்பதையே விட்டுவிடும். கண்ணில் ஒரு குறையும் இராது, பார்வை மட்டும் இராது. ஏழெட்டு வயதுக்குப் பிறகு அதைத் திரும்ப எடுப்பது அரிது என்கிறார் டொக்டர்.

ரோர்ச் வேண்டாம். றீற்றா ஏதாவது விருப்பமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் உள்ளங்கையால் அவளுடைய இடது கண்ணை மறையுங்கள். பிறகு வலதை மறையுங்கள். அவள் என்ன செய்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.

இன்பம்

*

திருகோணமலை
1975 மார்ச் 17

இன்பம்,

வந்த கடிதத்தை ஒரு வாரம் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். செய்து பார்க்காத வரைக்கும் ஒன்றும் இல்லை அல்லவா?

முந்தாநாள் செய்தேன். இவர் இழுவைப் படகில் வேலைக்குப் போயிருந்தார், மாமி செபமாலைக்கு. பிள்ளைக்கு முன்னால் கிளிப் படம் போட்ட பழைய கலண்டரை விரித்து வைத்தேன். இடது கண்ணை மறைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "இது பச்சைக் கிளி, இது மற்றக் கிளி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இன்பம் சொன்னது பிழையாகிவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு வலதை மறைத்தேன்.

என் கையைத் தட்டிவிட்டாள். திரும்ப வைத்தேன். "அம்மா, கையை எடுங்கோ, கிளி போயிட்டுது" என்றாள். விளையாட்டாக வைத்துக்கொண்டே, "நடந்து வா பாப்பம்" என்றேன். கதிரையைத் தடவிப் பிடித்தாள். பிறகு சுவரை. என் பிள்ளை தன் சொந்த வீட்டில் சுவரைப் பிடித்து நடந்தாள் இன்பம்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று எழுத ஏலாது. அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது.

இவரிடம் சொன்னேன். முதலில், "உன்ரை மச்சாளுக்கு வேறை வேலை இல்லையே?" என்று கத்தினார். பிறகு தானே பிள்ளையைக் கூப்பிட்டு, கண்ணை மறைத்துப் பார்த்தார். சாப்பிடாமல் எழும்பிப் போய் முற்றத்தில் நின்றார். பாஸ்குத் திருநாள் முடிந்த கிழமை, ஏப்ரல் முதல் வாரத்தில், கண்டிக்கு வருகிறோம். உங்கள் டொக்டரிடம் சொல்லி வை.

ஒன்று மட்டும். கோயில் வாசலில் நடந்ததை எழுதாதே, கேட்காதே. உன் கண் ஒதுங்கினதை அன்றைக்கு எல்லாருக்கும் முந்தி நான்தான் கண்டேன், கண்டும் "கப்பல் வெளிக்கிடுது" என்று சொல்லவில்லை. இதற்கு மேல் எழுதமாட்டேன்.

எல்சி

*

கண்டி
1975 ஏப்ரல் 27

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் போன பிறகு அறையில் உங்கள் எண்ணெய் மணம் இரண்டு நாள் இருந்தது. நான் ஜன்னலைத் திறக்கவில்லை.

கிளினிக்கில் நீங்கள் வெளியே வாங்குப் பலகையிலேயே இருந்துவிட்டீர்கள். உள்ளே நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அன்றைக்கு எல்லாரும் நிற்கும்போது எனக்கு வாய் வரவில்லை. என் அறையில் ஒரு கருவி இருக்கிறது. இரண்டு குழாய், ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்று. ஒன்றில் சிங்கம், மற்றதில் கூடு. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால் சிங்கத்தைக் கூட்டுக்குள் விடலாம். றீற்றா முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "கூடு கிடக்கு" என்றாள்.

"சிங்கம் எங்கை?"

"சிங்கம் இல்லை. ஓடிப்போட்டுது."

இடது கண்ணுக்கு முன்னால்தான் சிங்கம் நின்றது. நான் வலது பக்கத்து விளக்கை அணைத்தேன். முகத்தைக் குழாயோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். பிறகு, "ஏதோ மஞ்சளா நிக்குது, நாய் போல" என்றாள். மச்சாள், அந்த நாயைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியாது. மஞ்சளாக ஒன்று தெரிந்தால் பாதை இன்னும் மூடவில்லை. டொக்டரும் அதையே சொன்னார்.

பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தாள். பின்னேரம், நான் களைத்திருந்தேன். "இன்ப மாமி, உங்கடை கண் எங்கை போகுது?" என்று கேட்டாள். என்னிடம் இப்படி நேரே கேட்டவர்கள் குறைவு. மற்றவர்கள் பேசாமல் தங்கள் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். "கடல் பாக்கப் போகுது" என்றேன். "என்ரை கண் மூக்குப் பாக்கப் போகுது" என்றாள். இரண்டு பேரும் சிரித்த சத்தம் கேட்டுத்தான் நீங்கள் கதவுக்குள் எட்டிப் பார்த்தீர்கள்.

டொக்டர் சொன்னதைத் திரும்ப எழுதுகிறேன், அண்ணாவும் வாசிக்கட்டும். கண்ணாடி எழும்பியது முதல் படுக்கும்வரை இருக்க வேண்டும். கண்ணாடியோடு கண் பெரும்பாலும் நேரே நிற்கிறது, நீங்களே பார்த்தீர்கள். ஆனால் நேரே நிற்பதும் பார்ப்பதும் ஒன்றல்ல. இடது கண்ணுக்குப் பார்க்கப் பழக்க வேண்டும். அதற்கு நல்ல கண்ணை, வலது கண்ணை, மூட வேண்டும். பகலில் விழித்திருக்கிற நேரத்தில் பாதிக்கு மேல். முதல் நாட்களில் அழுவாள், விழுவாள். விடாதீர்கள்.

பஸ் நிலையத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தபோது ஒன்று சொல்ல நினைத்தேன். தம்புள்ள பஸ் வந்துவிட்டது. இன்னொரு நாள் சொல்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு பஸ்ஸில் நின்று போயிருப்பீர்களோ என்று இரவு முழுவதும் கவலைப்பட்டேன்.

இன்பம்

*

திருகோணமலை
1975 ஜூலை 6

அன்பு இன்பத்துக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு வயிற்றுக்குள் இருக்கிறவர் காரணம். கால் இரண்டும் வீங்கி, துறைமுகத்து மிதவை போல ஆகிவிட்டேன். குனிந்து ஒன்றை எடுக்க ஏலாது.

முதலில் நல்ல செய்தி. றீற்றா இப்போது கண்ணை மூடினால் அழுவதே இல்லை. கண்ணாடியும் பழகிவிட்டாள். கண்ணாடியோடு வீட்டுக்கு வந்த முதல் நாள் கிணற்றடியில் ஒரு எறும்பு வரிசையைப் பார்த்து, "அம்மா, இதுக்குக் கால் இருக்கு!" என்று கத்தினாள். இவர் அந்தக் கதையை யார்ட் முழுவதும் சொல்லித் திரிகிறார்.

ஆனால் முதல் மாதம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நீ சொன்னபடி வலது கண்ணை மூடினேன். விழுந்து முழங்கால் இரண்டும் காயம். தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனால், "நல்ல கண்ணைப் பொத்திக் கோணல் கண்ணைத் திறந்து விட்டிருக்கிறாய், உனக்கென்ன விசரே?" என்று கேட்கிறார்கள். கண்டியில் இருந்து ஒருத்தி சொன்னாளாம் என்று சிரிக்கிறார்கள். யார் அந்த ஒருத்தி என்றும் அவர்களுக்குத் தெரியும். கோயிலில் பிள்ளையைக் கண்ட ஒரு கிழவி சிலுவை அடையாளம் போட்டது. பிள்ளை கண்ணை மூடின துணியைப் பிடுங்கும், நான் திரும்ப ஒட்டுவேன், அது ஓடும், எனக்குப் பின்னால் ஓட ஏலாது.

பிறகு மாமி ஒரு வழி சொன்னார். உண்மையாக அன்பாகத்தான் சொன்னார். "கால் சுளுக்கினால் அந்தக் காலைக் கட்டி ஆறவிடுவமோ, நல்ல காலைக் கட்டுவமோ?" என்று கேட்டார். எனக்கும் அது சரியாகப் பட்டது. களைத்த கண்தானே ஓய்வு எடுக்க வேண்டும்? இப்போது இடது கண்ணைத்தான் மூடுகிறோம். மாமி வெள்ளைத் துணியில் லேஸ் வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார், மூன்று. பிள்ளை விழுவதில்லை, அழுவதில்லை, ஊர் கதைப்பதில்லை. பார்க்கிறவர்கள் பாவம், கண் நோவு என்று இனிப்புக் கொடுக்கிறார்கள். ஆறு கிழமையாக ஒரு கரைச்சலும் இல்லை.

டொக்டரிடம் கேட்டுச் சொல், இன்னும் எவ்வளவு காலம் மூட வேண்டும் என்று. இவருக்கு இனி லீவு கிடைப்பது கஷ்டம்.

எல்சி

*

கண்டி
1975 ஜூலை 13

அன்புள்ள எல்சி மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. டொக்டரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபமில்லை. இப்படிச் செய்கிற முதல் வீடு உங்களுடையதல்ல என்றார். அன்பு இருக்கிற வீடுகளில்தான் இது நடக்கும் என்றும் சொன்னார். ஆகவே நீங்கள் உங்களையே ஏசிக்கொண்டு இருக்க வேண்டாம். மாமியையும் ஏச வேண்டாம்.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட ஏலாது. அந்தக் கண் களைக்கவில்லை மச்சாள். அது வேலை செய்யாமல் இருந்த கண். அதை மூடினால் ஓய்வு கிடைக்காது, இருக்கிற கொஞ்சத்தையும் மறக்கும். பிள்ளை அழாமல் இருக்கிறாள் என்றால், மூடினதால் அவளுக்கு ஒன்றும் குறையவில்லை என்பதுதான் அர்த்தம். மார்ச் மாதம் கிளிப் படத்தோடு உங்கள் உள்ளங்கை கண்டுபிடித்ததும் இதையேதான். அவள் அழுதால்தான் அந்தக் கண் படித்துக்கொண்டிருக்கிறது. நல்ல கண்ணை மூடும்போதுதான் கோணல் கண் வெளியே தெரியும். ஊர் அதைப் பார்க்கும். வேறு வழி கிடையாது.

ஆறு கிழமை போனது போனதுதான். ஆனால் அவளுக்கு நாலு வயதுதான். இன்னும் காலம் இருக்கிறது, வீணாக்க மட்டும் ஏலாது என்கிறார் டொக்டர்.

ஸைனுலாப்தீன் நானா போன கிழமை வந்தார். அவருடைய கண் தானாகவே திரும்பி நேரே வந்துவிட்டது. பெரியவர்களுக்குச் சில வேளை அப்படி வரும். "ஒரு பொண்டாட்டியோட விட்டிட்டான் ஆண்டவன்" என்று பெருமூச்சு விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. றீற்றாவின் கண் அப்படித் தானாக வராது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்தபடியே நடக்கிற ஒரு பெடியனும் வருகிறான். அவனுடைய கண் மேலே போகிற கண். தலையைச் சாய்த்தால்தான் இரண்டும் ஒன்றாகும். பள்ளிக்கூடத்தில் அவனைத் திமிர் பிடித்தவன் என்று அடித்திருக்கிறார்கள். அவனுடைய அம்மா ஒவ்வொரு கிழமையும் வெளியே வாங்கில் இருக்கிறபோது நீங்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

நான் என்னைப் பற்றி உங்களுக்கு எழுதியதே இல்லை. இங்கே கட்டுகஸ்தோட்டைப் பக்கம் றஹ்மா ஆன்ரி வீட்டில் ஒரு அறையில் இருக்கிறேன். அவரும் மூதூர்ப் பக்கம்தான், கல்யாணம் முடித்து இங்கே வந்து, கணவர் காலமாகித் தனியாக இருக்கிறார். மாலையில் நாங்கள் இரண்டு பேரும் கொட்டியாரக் குடாவைப் பற்றிக் கதைப்போம். அவர் குடாவை லோஞ்சுப் படகில் கடந்த கதையைச் சொல்வார். நான் நேவி பான்ட் வாசித்ததையும், கோட்டை மான்கள் எங்கள் கையிலிருந்து பலாப்பழச் சுளை தின்றதையும் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் நீங்கள் என் இடது பக்கத்தில் நிற்கிறீர்கள். எனக்கு நினைவிருக்கிற எல்லாவற்றிலும் நீங்கள் இடது பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். என் கண் அடிக்கடி போகிற பக்கம் அது என்பதால் அங்கே நின்றீர்கள் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

எனக்கு இந்த மாதம் ஆசிரியர் நியமனம் வந்திருக்கிறது. குருநாகல் பக்கம். ஏற்கவில்லை என்று எழுதிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். பட்டம் எடுத்த பிள்ளை டீச்சராக வராமல் குழந்தைகளுக்குச் சிங்கம் காட்டுகிறது என்று ஐயா கவலைப்படுவார்.

பஸ் நிலையத்தில் சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மூன்று முறை எழுதிக் கிழித்தேன். எனக்குத் துணிவு குறைவு என்று உங்களுக்குத் தெரியும். கடையில் சீனி கேட்கவும் நீங்கள்தானே என்னோடு வருவீர்கள்.

இரண்டாவது பிள்ளை பிறக்கப்போகிறது. நீங்கள் குனிய ஏலாது, ஓட ஏலாது. அண்ணா கடலில். மாமியிடம் நல்ல கண்ணை மூடச் சொன்னால் அவருக்கு மனம் ஒத்துக்கொள்ளாது. பிள்ளை அழுதால் கழற்றிவிடுவார். ஊர் வாயையும் உங்களால் மூட ஏலாது. இங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு வருகிற பிள்ளைகள் எங்கள் கிளினிக்கில் நிறைய. அவர்களோடு ஒன்றாக இருப்பாள். பகலில் என்னோடு வருவாள், என்னோடு திரும்புவாள். றஹ்மா ஆன்ரியிடம் கேட்டுவிட்டேன். "கேட்கவும் வேணுமா மகள், கட்டிலுக்குக் கீழ விழாம ஒரு பலகை மட்டும் வைப்பம்" என்றார். பலகை வைத்தாயிற்று. நான் அவளை அடிக்கமாட்டேன். அழுதால் தூக்கி வைத்திருப்பேன், ஆனால் துணியைக் கழற்றமாட்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் சொல்வதை அவள் சொன்னபடியே உங்களுக்கு எழுதுவேன். உங்கள் மாமி என்ன சொல்வார் என்றும், ஊர் என்ன சொல்லும் என்றும் எனக்குத் தெரியும். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதுதான் தெரியாது.

றீற்றாவை நத்தார் வரைக்கும் என்னிடம் விடுவீர்களா, மச்சாள்?

இன்பமலர்